25 கிலோ நகரை மீன் 41 கோடி கிலோ ஆனது எப்படி?

மண்டபம் கரையில் மீன் ஏலம் எடுக்கும் ஒரு வியாபாரிக்காக, கல்லூரிக் கடைசி வருடத்தில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். படகின் பெயர், எத்தனை கிலோ, கிலோ என்ன விலை என்று மூன்றையும் கேட்டு வாங்கி ஒரு ஃபைலில் சேர்த்து வைக்கும். சாயங்காலம் மொத்தக் கணக்கைச் சொல்லும். வீட்டுக் கணினியில், சி மொழிக்கான டர்போ சி என்ற மென்பொருளில் எழுதியது. ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடியது.

அப்புறம் சென்னையில் வேலை கிடைத்தது. பெரிய நிறுவனங்களின் கணக்குகளைப் பார்க்கும் மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணினிகளின் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சிக் காலத்தில், "கையில் இருக்கும் ஏதாவது ஒரு சி நிரலை இந்த மெஷினில் ஓட வைத்துக் காட்டுங்கள்" என்றார்கள். ஏலக் கணக்கையும் அதன் ஃபைலையும் எடுத்துப் போனேன். நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் குறை சொன்ன நாலைந்து வரிகளைத் திருத்தியதும் நிரல் ஓடிவிட்டது. முதல் வரியில் 25 கிலோ நகரை மீன் வர வேண்டும். வந்தது 41,94,30,400 கிலோ. படகின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் படிக்கவே முடியாத குறிகள்.

அந்தத் திருத்தத்துக்குப் பிறகு கம்பைலர் பிழை எதுவும் காட்டவில்லை. கூட்டல் கழித்தலிலும் தவறு இல்லை. அதே வரிகள் ஊரில் சரியாகக் கணக்குப் போட்டன. அப்படியானால் எது மாறியது? பிசியில் பிறந்த சி நிரலை மெயின்ஃபிரேமுக்குக் கொண்டுபோவதைப் போர்ட்டிங் என்பார்கள். அந்த வேலை முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

போன மாதம் கீழக்கரை வீட்டில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் படிக்கும் என் சாச்சி மகன் இடைமறித்தான். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். "சி எங்கே வேணாலும் ஓடும்னுதானே காக்கா எங்களுக்குச் சொல்லித் தர்றாங்க?"

அப்படிச் சொல்லித் தருவது பொய்யில்லை. 1972 வாக்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி சி-யை உருவாக்கினார். 1989-இல் அதற்கு அன்சி என்ற பொதுத் தரம் வந்தது. மொழியின் இலக்கணத்தை அந்தத் தரம் கறாராகச் சொல்கிறது. ஆனால் சில விஷயங்களை வேண்டுமென்றே அந்தந்த மெஷினிடம் விட்டுவிடுகிறது. எந்த எழுத்துக்கு எந்த எண், இன்ட் என்ற முழு எண் வகைக்கு எத்தனை பைட் இடம், அந்த பைட்டுகள் எந்த வரிசையில் நிற்கும், ஒற்றை எழுத்தை வைக்கும் கேரக்டர் வகையில் மைனஸ் எண்ணை வைக்க முடியுமா முடியாதா என்பதையெல்லாம் அது கட்டிப்போடவில்லை. அப்படிக் கட்டிப்போடாததால்தான் இத்தனை வகை மெஷின்களில் சி ஓடுகிறது. நாமோ ஒரே வகை மெஷினில் எழுதிப் பழகி, அங்கே பார்த்ததுதான் சி என்று எடுத்துக்கொள்கிறோம்.

பாம்பன் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்வது எளிது. வடகடலில் தொழில் செய்த படகு, பாலம் திறக்கும்போது கால்வாய் வழியாகத் தென்கடலுக்குப் போகிறது. படகு அதேதான், என்ஜினும் அதேதான். ஆனால் பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு, அடியில் சேறு. மன்னார் வளைகுடாப் பக்கம் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை. சேற்றில் போட்ட வலையை அப்படியே பாறையில் இறக்கினால் கிழிந்துதான் மேலே வரும். ஒரு நிரலும் தான் பிறந்த கடலைப் பற்றிப் பல விஷயங்களை வாய் திறந்து சொல்லாமலே நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிப்பதுதான் போர்ட்டிங். அதோடு ஒப்பிட்டால் கம்பைல் செய்வது சின்ன வேலை.

அந்தப் பக்கத்துக் கடல்

தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன 1964 டிசம்பரை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதே வருடம் ஏப்ரல் 7 அன்று ஐபிஎம் தன் சிஸ்டம் 360 வரிசையை அறிவித்தது. இன்றைய ஐபிஎம் மெயின்ஃபிரேம்களும், அவற்றில் ஓடும் இசட்ஓஎஸ் என்ற இயங்குதளமும் அந்த வம்சத்தில் வந்தவை. சென்னை ஐஐடியில்கூட 1970களில் அதன் அடுத்த தலைமுறையான ஐபிஎம் 370 ஒன்று இருந்தது.

இந்த வம்சத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பழைய நிரலை உடைக்கக் கூடாது. பல வருடங்களுக்கு முன்னால் கம்பைல் செய்தவை பல இன்றும் கை வைக்காமல் ஓடுகின்றன. பெரிய வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் இதை விட்டு நகராததற்கு இது முக்கியமான காரணம். எனக்கு இந்தப் பிடிவாதத்தின் மேல் மரியாதை உண்டு. ஆனால் அதன் இன்னொரு பக்கம், 1964-இன் பழக்கங்கள் உள்ளே உயிரோடு இருக்கின்றன. அதற்கும் முன்னால் துளையட்டைகளை வைத்து வேலை பார்த்த காலத்துப் பழக்கங்களும் இருக்கின்றன. ஐபிஎம்மின் 80 பத்தி அட்டை 1928-இல் வந்தது. அந்த 80 என்ற எண்ணை இன்றைக்கும் மெயின்ஃபிரேமில் திரும்பிய பக்கமெல்லாம் பார்க்கலாம். கோபோல், அசெம்பிளி என்ற மொழிகள் அந்த வீட்டின் பழைய ஆட்கள். சி பிற்பாடு வந்து சேர்ந்த விருந்தாளி.

ஒரே தமிழ், இரண்டு எழுத்து

எங்கள் உம்மாவுடைய உம்மா கடிதம் எழுதினால் அரபுத்தமிழில்தான் எழுதுவார். பேச்சு தமிழ், எழுத்து அரபி. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பழைய வீடுகளில் இப்படி எழுதிய தாள்கள் இன்னும் இருக்கும். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள். தமிழ் எழுத்து மட்டும் தெரிந்தவருக்கு அந்தக் கடிதம் கோடும் புள்ளியும்தான். வாசித்துக் காட்டினால், "மழை பலமா இருக்கு, பிள்ளைகளைக் கடற்கரைக்கு விடாதே" என்று நல்ல தமிழ் வரும்.

கணினிக்குள் எழுத்து கிடையாது, எண்தான் உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் என்று உடன்பாடு செய்துகொள்கிறோம். பிசியில் அந்த உடன்பாட்டின் பெயர் ஆஸ்கி. மெயின்ஃபிரேமில் எப்சிடிக். ஆங்கிலப் பெரிய எழுத்து ஏ ஆஸ்கியில் 65, எப்சிடிக்கில் 193. எண் குறி 0 ஆஸ்கியில் 48, எப்சிடிக்கில் 240. சொல்லுக்கு இடையில் விடும் வெற்றிடம் அங்கே 32, இங்கே 64. ஆஸ்கியில் 64 என்பது @ குறி. ஆகவே மெயின்ஃபிரேம் ஃபைலை மாற்றாமல் பிசியில் திறந்தால் வரி முழுக்க @@@@@ என்று தெரியும். இதை ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார்; @ வரிசையைக் கண்டதுமே இது எப்சிடிக் என்று சொல்லிவிடலாம்.

என் ஃபைலில் படகின் பெயர் கெட்டுப்போகவில்லை. ஆஸ்கி எண்களாக அப்படியே பத்திரமாக இருந்தது. உம்மாவுடைய உம்மா எழுதிய கடிதத்தைத் தமிழ் வாத்தியாரிடம் கொடுத்த மாதிரி, அந்த எண்களை எப்சிடிக் மெஷின் தன் வழியில் வாசித்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

எழுத்தை மாற்றிக்கொண்டால் போதும் என்றால் இது சின்ன விஷயம். நிரலுக்குள்ளேயே ஆஸ்கியை நம்பி எழுதிய வரிகள் இருப்பதுதான் தொல்லை. ஆஸ்கியில் ஏ முதல் இஸட் வரை 65-இலிருந்து 90 வரை இடைவெளி இல்லாமல் நிற்கும். அதனால் பலர், ஒரு குறி ஏ-க்குக் கீழே போகாமலும் இஸட்டுக்கு மேலே போகாமலும் இருந்தால் அது பெரிய எழுத்து என்று எழுதிவிடுவார்கள். எப்சிடிக்கில் ஏ முதல் ஐ வரை 193–201. அடுத்த எழுத்து ஜே 202 இல்லை, 209. ஆர் 217-இல் முடியும், எஸ் 226-இல் தொடங்கும், இஸட் 233. நடுவில் 15 எண்கள் எழுத்தே இல்லாதவை. } என்ற குறி 208-இலும் \ என்ற குறி 224-இலும் அந்த இடைவெளிகளுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே மேலே சொன்ன சோதனை } குறியைப் பெரிய எழுத்து என்று நம்பும்.

இந்த இடைவெளி ஏன்? துளையட்டையில் ஒரு எழுத்துக்கு இரண்டு துளை போடுவார்கள். மேலே மூன்று வரிசைகளில் ஏதாவது ஒன்றில் ஒரு துளை, கீழே எண் வரிசையில் ஒரு துளை. முதல் வரிசையோடு 1 முதல் 9 வரை சேர்ந்து ஒன்பது எழுத்து, இரண்டாவதோடு இன்னும் ஒன்பது, மூன்றாவதோடு 2 முதல் 9 வரை சேர்ந்து எட்டு. மொத்தம் 26. எப்சிடிக்கின் எண்கள் இந்த அமைப்பை ஒட்டியே வந்தன. காரணம் தெரிந்த பிறகு அந்த இடைவெளியைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரவில்லை. அட்டையைக் கையில் பிடித்து வேலை பார்த்த மனிதர்களின் விரல் தடம் மாதிரி அது இன்றும் ஒவ்வொரு எழுத்திலும் இருக்கிறது.

சின்ன எழுத்தைப் பெரியதாக்க ஆஸ்கியில் 32-ஐக் கழிப்பார்கள். எப்சிடிக்கில் 64-ஐக் கூட்ட வேண்டும். இரண்டையும் நீங்கள் செய்ய வேண்டாம். சி-யின் நூலகத்தில் இஸ்அப்பர், டூஅப்பர் போன்ற செயற்கூறுகள் இதற்காகவே இருக்கின்றன. அவை அந்தந்த மெஷினின் எழுத்துகளை அறிந்தவை. எண் குறிகள் மட்டும் இரண்டு பக்கமும் 0 முதல் 9 வரை இடைவெளி இல்லாமல் நிற்கும் என்று சி தரமே உறுதி தருகிறது. ஆகவே ஒரு குறியிலிருந்து '0' என்ற குறியைக் கழித்தால் எங்கேயும் சரியான எண் வரும். '0' என்று எழுதாமல் 48 என்று எழுதியிருந்தால், 5 என்ற குறிக்கு விடை 197 வரும்.

வரிசைப்படுத்துவதையும் இது தொடும். ஆஸ்கியில் எண்கள் முதலில், பிறகு பெரிய எழுத்து, கடைசியில் சின்ன எழுத்து. எப்சிடிக்கில் சின்ன எழுத்து முதலில், பிறகு பெரிய எழுத்து, எண்கள் கடைசி. எண்ணும் எழுத்தும் கலந்த படகுப் பதிவு எண்களைப் பிசியில் வரிசைப்படுத்தி அனுப்பிவிட்டு, மெயின்ஃபிரேமில் அந்த வரிசையை நம்பிப் பாதியாகப் பிரித்துத் தேடினால், இருக்கும் படகையே இல்லை என்று சொல்லும். பிழைச் செய்தி வராது. இந்த வகைத் தவறுக்குத்தான் நான் மிகவும் பயப்படுவேன். நின்றுபோகும் நிரல் நல்லது, காரணத்தைத் தேடலாம். தவறான விடையோடு ஓடிக்கொண்டே இருக்கும் நிரலை யாரும் சந்தேகப்படுவதில்லை.

எப்சிடிக்கிலேயும் பல வகை உண்டு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். [ என்ற சதுர அடைப்புக்குறி 1047 என்ற எண்ணுள்ள எழுத்து அட்டவணையில் 173, 037 என்ற அட்டவணையில் 186. உங்கள் திரை ஒன்றையும் கம்பைலர் மற்றொன்றையும் நம்பினால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் வரியில் கம்பைலர் பிழை காட்டும். சதுர அடைப்பு இருக்கும் வரிகள் மட்டும் தகராறு செய்தால் முதலில் இதைப் பாருங்கள்.

இன்னொன்று, எழுத்து எண்களிலிருந்தே பிறப்பது. எழுத்தெழுத்தாகப் படிக்கும் கெட்சார், படிக்க ஒன்றும் மிச்சமில்லை என்றால் இஓஎஃப் என்ற அடையாளத்தைத் தரும். அது ஒரு மைனஸ் எண், பொதுவாக -1. நம் பாடப் பயிற்சிகளில் பலரும் அதைக் கேரக்டர் வகை மாறியில் வாங்குவார்கள். பிசியில் கேரக்டர் பொதுவாக -128 முதல் 127 வரை பிடிக்கும். -1 அதில் அடங்கும், நிரல் நின்றுவிடும். மெயின்ஃபிரேமில் கேரக்டர் 0 முதல் 255 வரை. அங்கே -1 உள்ளே போனதும் 255 ஆகிவிடும். 255 ஒருநாளும் -1-க்குச் சமமாகாது. நிரல் நிற்காமல் சுற்றும். கடைசியில் ஒதுக்கிய நேரம் தீர்ந்ததும் எஸ்322 என்ற குறியோடு இயங்குதளமே அதை நிறுத்தும்.

"ரெண்டு மெஷினும் ஒரே மாதிரி வச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டான் தம்பி.

முடியாது. சி தரத்தில் ஒரு நிபந்தனை உண்டு: அடிப்படை எழுத்துகள் கேரக்டரில் மைனஸாக மாறக் கூடாது. ஆஸ்கியில் எல்லா எழுத்தும் 127-க்குள் அடங்கிவிடுகிறது, எப்படி வைத்தாலும் பரவாயில்லை. எப்சிடிக்கில் ஏ என்பது 193. -128 முதல் 127 வரையான கேரக்டரில் அது மைனஸாகிவிடும். ஆகவே அங்கே வேறு வழியே இல்லை. அவனுக்கு நான் சொன்ன மாற்றம் ஒரே சொல்தான்: கெட்சார் தருவதைக் கேரக்டரில் வாங்காதே, இன்ட்டில் வாங்கு. அது இரண்டு கடலிலும் செல்லும்.

41 கோடி எங்கிருந்து வந்தது

ஓர் எண்ணை 4 பைட்டில் வைக்கும்போது ஒரு கேள்வி வரும்: பெரிய பகுதி முதலிலா, சின்ன பகுதி முதலிலா? தமிழில் ‘ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம்’ என்கிறோம், பெரியது முதலில். மெயின்ஃபிரேமும் அப்படித்தான். பிசியில் இருக்கும் இன்டெல் வழிச் சில்லுகள் சின்னதை முதலில் வைக்கும். 25 என்ற எண்ணைப் பிசி 25, 0, 0, 0 என்று எழுதியது. மெயின்ஃபிரேம் அந்த நான்கையும் வாங்கி, முதலில் நிற்பதுதான் பெரிய பகுதி என்று எடுத்துக்கொண்டது. அந்த இடத்தில் ஒன்றின் மதிப்பு 1,67,77,216. அதை 25-ஆல் பெருக்கினால் 41,94,30,400.

அரபுத்தமிழ் வலமிருந்து இடமாகப் போகும். ஆனால் நடுவில் 1,250 ரூபாய் என்று எண் வந்தால் அதில் ஆயிரம் இடப்பக்கம்தான் நிற்கும். எழுத்தின் திசை மாறும், எண் அப்படியே இருக்கும். நம் இரண்டு மெஷின்களுக்கு நடுவே இதற்கு நேர் எதிராக நடக்கிறது: எழுத்துகளின் வரிசை மாறாது, எண்ணின் பைட் வரிசை மட்டும் திரும்பும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

நான் முதலில் பைட் வரிசையைத் திருப்பினேன். 25 சரியாக வந்தது. பிறகு படகின் பெயருக்காக, ஃபைல் முழுவதையும் பைட் பைட்டாக ஆஸ்கியிலிருந்து எப்சிடிக்குக்கு மாற்றினேன். பெயர்கள் அழகாக வந்துவிட்டன, 25-ம் 25-ஆகவே இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன். பத்து வரி தள்ளி, 65 கிலோ விளைமீன் இருக்க வேண்டிய இடத்தில் 193 கிலோ இருந்தது. 65 என்ற எடையை ஏ என்ற எழுத்து என்று நினைத்து மாற்றியிருக்கிறது என் நிரல். 25-க்கு ஆஸ்கியிலும் எப்சிடிக்கிலும் தற்செயலாக ஒரே எண் என்பதால் அது தப்பித்திருந்தது. எழுத்தும் பைனரி எண்ணும் கலந்த ஃபைலை ஒரே மூச்சில் மாற்றவே முடியாது. எந்த இடம் எழுத்து, எந்த இடம் எண் என்று தெரிந்துதான் மாற்ற வேண்டும். ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு எஃப்டிபி வழியாக ஃபைலை அனுப்பும்போதும் இதே கதை: டெக்ஸ்ட் முறையில் அனுப்பினால் எல்லாவற்றையும் எழுத்தாக எண்ணி மாற்றும், பைனரி முறையில் எதையும் தொடாது.

எனக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. பெயருக்கு 20 பைட், எடைக்கு 4, விலைக்கு 4 என்று ஒரு பதிவுக்கு 28 பைட். எடையை லாங் என்ற முழு எண் வகையில் வைத்திருந்தேன். இரண்டு பக்கமும் 4 பைட். இன்ட் என்று வைத்திருந்தால் டர்போ சி-யில் 2 பைட், அங்கே 4, கணக்கே கலைந்திருக்கும். பெயருக்கு 20-க்குப் பதில் 18 வைத்திருந்தாலும் கலைந்திருக்கும். மெயின்ஃபிரேம் கம்பைலர் அடுத்து வரும் எண்ணை 4-ஆல் வகுபடும் இடத்தில் நிறுத்துவதற்காக நடுவில் 2 பைட் காலியாக விடும். டர்போ சி வழக்கமாக விடாது.

விலையை ஃப்ளோட் என்ற தசம எண் வகையில் வைத்திருந்தேன். பிசியில் தசம எண்களுக்கு ஐஇஇஇ 754 என்ற 1985-ஆம் வருடத் தரம். மெயின்ஃபிரேமுக்கு 1964-இலிருந்தே பதினாறை அடியாகக் கொண்ட தனி முறை உண்டு. இப்போதைய மெஷின்களில் இரண்டும் இருக்கின்றன. பைட்டுகளை அப்படியே தூக்கிப் போனால் பொருந்தாது. இதை விடப் பெரிய விஷயம், காசுக் கணக்கை ஃப்ளோட்டில் வைக்கவே கூடாது. பைசாவாக மாற்றி முழு எண்ணில் வையுங்கள்.

பெட்டி பெட்டியாக ஃபைல்

பிசிக்கு ஒரு ஃபைல் என்பது நீளமான கயிறு மாதிரி. பைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், வரி முடியும் இடத்தில் ஒரு முடிச்சு. சி-யும் ஃபைலை இப்படித்தான் பார்க்கிறது. இசட்ஓஎஸ்ஸின் பழைய வழி வேறு. அங்கே அதன் பெயர் டேட்டாசெட். ஏலக்கூடத்தில் மீன் பெட்டிகள் அடுக்கி வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, 80 என்றால் 80. ஒவ்வொரு பெட்டியும் ஒரு பதிவு. எத்தனை பெட்டிக்கு இடம் வேண்டும், ஒரு பெட்டி எவ்வளவு கொள்ளும் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். இடம் தீர்ந்தால் நிரல் நடுவழியில் நிற்கும்.

இதில் வரி முடிச்சு என்ற எழுத்து உள்ளே சேமிக்கப்படுவதில்லை. ஒரு பெட்டி முடிந்தால் ஒரு வரி முடிந்தது. நீங்கள் 30 எழுத்து எழுதி வரியை முடித்தால், மீதி 50 இடத்தையும் சி நூலகம் வெற்றிடத்தால் நிரப்பும். திரும்பப் படிக்கும்போது வால்பக்கத்து வெற்றிடங்களை நீக்கிவிட்டு, வரி முடிந்தது என்ற குறியை அதுவே சேர்த்துத் தரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வரியின் கடைசியில் நீங்கள் வேண்டுமென்றே இரண்டு வெற்றிடம் விட்டிருந்தால் அவை திரும்பி வராது. 80-க்கு மேல் எழுதினால் மிச்சம் வெட்டுப்படும். பைனரியாக எழுதினால் கடைசிப் பெட்டி பூஜ்யங்களால் நிரம்பும். படிக்கும்போது நீங்கள் எழுதாத பைட்டுகளும் சேர்ந்து வரும். ஃபைலின் நீளத்தை வைத்து எத்தனை பதிவு என்று கணக்குப் போடும் பிசி நிரல்கள் இங்கேதான் சறுக்கும். பழைய இடத்துக்குத் திரும்புவதற்காக எஃப்டெல் தரும் எண்ணையும் வெறும் அடையாளச் சீட்டாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டெக்ஸ்ட் ஃபைலில் அதோடு கூட்டல் கழித்தல் வேண்டாம்.

பெயரும் வேறு மாதிரி. சாய்கோடு போட்டு ஃபோல்டருக்குள் ஃபோல்டர் கிடையாது. புள்ளியால் பிரித்த துண்டுகள், ஒவ்வொரு துண்டும் அதிகபட்சம் 8 எழுத்து, எல்லாம் சேர்ந்து 44. நிரலுக்குள் ஃபைல் பெயரை எழுதாமலே இருப்பதுதான் அங்கே நல்ல வழக்கம். நிரல் ‘டிடி’ என்று தொடங்கும் ஒரு செல்லப் பெயரை மட்டும் திறக்கும். அந்தச் செல்லப் பெயருக்குப் பின்னால் எந்த டேட்டாசெட் என்பதை, வேலையை இயக்கச் சொல்லும் ஜேசிஎல் என்ற தனிக் கட்டளைத் தாள் சொல்லும். நாளைக்கு வேறு ஃபைல் என்றால் நிரலைத் தொட வேண்டாம், தாளை மாற்றினால் போதும். பிசியிலும் இப்படி எழுதலாமே என்று எனக்குத் தோன்றியது; அதன்பிறகு நான் எழுதிய எதிலும் ஃபைல் பெயரை நிரலின் வயிற்றுக்குள் வைக்கவில்லை.

திரையைப் பற்றி இரண்டு வரி. டர்போ சி-யில் எழுதப் பழகிய நாம் எல்லாரும் தொடக்கத்தில் திரையைத் துடைக்கும் கட்டளையையும் கடைசியில் ஒரு விசைக்காகக் காத்திருக்கும் கெட்ச் என்பதையும் பழக்கத்தில் போட்டுவிடுகிறோம். அவை சி தரத்தில் இல்லை, டர்போ சி-யோடு வந்தவை. கம்பைலர் முதலில் குறை சொன்னது இவற்றைத்தான். மெயின்ஃபிரேமின் 3270 வகைத் திரை ஒவ்வொரு விசையையும் உடனே அனுப்பாது. நீங்கள் பக்கம் முழுவதும் நிரப்பி என்டர் தட்டியதும் மொத்தமாக அனுப்பும். ஒரு விசைக்காகக் காத்திருக்கும் நிரலுக்கு அங்கே வேலை இல்லை.

எங்கே தொடங்குவது

மெயின்ஃபிரேமைத் தொடுவதற்கு முன்னால் பிசியிலேயே பாதி வேலை முடிந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நிரலை இரண்டாகப் பிரியுங்கள். கணக்குப் போடும் பகுதி ஒரு ஃபைலில், மெஷினோடு பேசும் பகுதி இன்னொன்றில்: ஃபைல் திறப்பது, திரை, தேதி எல்லாம் அங்கே. பிறகு கம்பைலரை அன்சி தரத்துக்கு மட்டும் கட்டுப்படச் சொல்லி, எல்லா எச்சரிக்கைகளையும் காட்டச் சொல்லுங்கள். 32, 48, 65, 97 போன்ற எண்களை நிரல் முழுக்கத் தேடுங்கள்; அவற்றில் பல வேடம் போட்ட எழுத்துகளாக இருக்கும். கேரக்டரை 0–255 என்று வைத்துக் கம்பைல் செய்யும் வசதி பிசி கம்பைலர்களிலும் உண்டு. அதைப் போட்டு ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் நிற்காமல் சுற்றும் இடங்கள் வீட்டிலேயே தெரிந்துவிடும். செயற்கூறுகளின் பெயர்களையும் பாருங்கள்: பழைய இணைப்பு முறையில் முதல் 8 எழுத்துக்கு மேல் பார்க்காது, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் கிடையாது. நீளப் பெயர்களுக்குக் கம்பைலரில் தனி விருப்பத்தேர்வு உண்டு.

இசட்ஓஎஸ்ஸுக்குள்ளேயே யூனிக்ஸ் பகுதி ஒன்றும் இருக்கிறது. அங்கே ஃபோல்டர் உண்டு, ஃபைல் மறுபடியும் கயிறுதான். தொடங்குபவர் முதலில் அங்கே ஓட்டிப் பார்ப்பது நல்லது. பெட்டிச் சிக்கல் விலகி, எழுத்துச் சிக்கலும் பைட் வரிசையும் மட்டும் மிஞ்சும். அதே மெஷின்களில் லினக்ஸும் ஓடும். அங்கே எழுத்தும் ஆஸ்கி வழிதான். பெரும்பாலும் பைட் வரிசை ஒன்றுதான் வித்தியாசம்.

"மெயின்ஃபிரேம் இல்லாம எப்படிக் காக்கா பழகுறது?" என்றான். நியாயமான கேள்வி, நம் ஊரில் அதை எங்கே போய்ப் பார்ப்பது? ஹெர்குலிஸ் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. சாதாரண மடிக்கணினியை மெயின்ஃபிரேம் மாதிரி நடந்துகொள்ள வைக்கும். அதில் எம்விஎஸ் 3.8 என்ற பழைய இயங்குதளத்தைப் போட்டுப் பழகலாம். புதியதைத் தொட்டுப் பார்க்க, ஐபிஎம் நடத்தும் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற இலவசப் பயிற்சி உண்டு. இணையம் வழியாக உண்மையான மெயின்ஃபிரேமில் உள்நுழைய விடுவார்கள்.

என் ஏலக் கணக்கு கடைசியில் சரியானது இப்படித்தான். பைட் திருப்புவதையும் எழுத்து மாற்றுவதையும் எல்லாம் தூக்கி எறிந்தேன். பிசியில் இருபது வரியில் ஒரு சின்ன நிரல் எழுதி, 28 பைட் பதிவு ஒவ்வொன்றையும் மனிதர் படிக்கும் வரியாக மாற்றினேன்: படகின் பெயர், கிலோ, விலை பைசாவில். 25 என்பது இரண்டு, ஐந்து என்ற இரண்டு எழுத்துகளாகிவிட்டது. எழுத்துக்குப் பைட் வரிசைத் தகராறு இல்லை. டெக்ஸ்ட் முறையில் அனுப்பினேன், வழியிலேயே எப்சிடிக்காக மாறிக்கொண்டது. மெயின்ஃபிரேமில் அந்த வரியைப் படித்து மறுபடி எண்ணாக்கியது சாதாரண சி நூலகம்தான். மொத்தத் தொகை ஊரில் வந்ததோடு பைசா பிசகாமல் சேர்ந்தது.

தம்பி தன் கல்லூரி நிரலை எடுத்து வந்து காட்டினான். தேடிப் பார்த்ததில் 48 என்ற எண் பதினோரு இடத்தில் இருந்தது. அதில் ஒன்று உண்மையிலேயே 48, மாணவர் எண்ணிக்கை. மீதிப் பத்தையும் அவனே திருத்திக்கொண்டிருக்கிறான்.